துண்டு சுற்றிய வளைவு

டிசம்பர் 14, வெள்ளி

காலையில் பனி. கடை திறக்கும்போது எதிர்ச்சாரிக் கடைகள் தெரியவில்லை. வெல்லம் வந்தது, ஈரம். திருப்பி அனுப்ப வேண்டும். பருப்பு மூட்டையில் எலி.

வயிறு சரியில்லை. மத்தியானம் வரைக்கும் வெறும் வாயு என்று நினைத்தேன். மத்தியானத்துக்கு அப்புறம் காரணமே கிடைத்துவிட்டது.

மச்சான் எஸ்டேட்டிலிருந்து ஏலக்காய் லோடு இறக்கிவிட்டு அப்படியே கடைக்கு வந்தார். ஆள் நிற்கும்போது வெற்றிலை கேட்டார். ஆள் போனதும் மெதுவாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஜீப்புப் பந்தயத்தில் அவரும் ஓட்டுகிறாராம். எஸ்டேட் முதலாளியே இவர் பேரைக் கொடுத்துவிட்டாராம்.

நானும் சிநேகிதர்கள் பெருமாளும் சீனியும் வேடிக்கை பார்க்கப் போவது என்று ஒரு மாதப் பேச்சு. மச்சானும் வேடிக்கைக்குத்தான் வருகிறார் என்று இருந்தேன். அக்காவும் அப்படித்தான் இருக்கிறாள்.

"ஒங்க அக்காட்ட மூச்சு விடாத மாப்ளே. மாசமா இருக்கா."

"ஏன் மச்சான் இந்தச் சோலி? தெனமும் அந்த மலையில ஓட்டுறது பத்தாதா?"

"தெனமும் மூட்டைய வச்சு ஓட்டுறேன். ஒரு நாளு வெறும் வண்டிய ஓட்டிப் பாக்குறேனே."

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுத்துக் கொடுத்தேன்.

மலையடிவாரம் முந்தலில் கிளம்பி உச்சியில் மெட்டு வரை. மெட்டைத் தாண்டினால் போன மாதத்திலிருந்து கேரளம். ஒரு ஜீப்பு போய்க் கொஞ்ச நேரம் கழித்து அடுத்த ஜீப்பை விடுவார்கள். வெரசா ஏறுகிறவனுக்கு வெள்ளிக் கோப்பை. ரோட்டுக்கு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. கைப்பிடிச் சுவர் பாதி இடத்தில் இடிந்து கிடக்கிறது.

ராத்திரி சாப்பாட்டில் அக்கா: "அவரு கூடயே இருடா அருளு. வேடிக்க பாக்குறேன்னு ஓரத்துல போயி நிப்பாரு." சரி என்றேன். பொய்யில்லை, பொய்யில்லாததும் இல்லை. அம்மா போனதிலிருந்து இவள் வீட்டில்தான் சோறு. அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே இந்தச் சரி.

எடுத்துக்கொள்ள: கம்பளி. டார்ச்சு (பாட்டரிக் கட்டை மாற்ற). ஓமத் தண்ணீர். ஜெபமாலை. மங்கித் தொப்பி எங்கே?

ஞாயிறு பூசை விட்டுப் போகும். அதுவேறு பயம்.

டிசம்பர் 15, சனி. மலையில்.

பெருமாள் அவன் ஊர் தேவாரத்திலிருந்து பஸ்சில் வந்து இறங்கினான். அவன் வருவது முக்கு திரும்புமுன்னே கேட்கும், அவ்வளவு தொண்டை. புதுச் சிவப்புத் துண்டு தோளில். போன வாரம் யானை இறங்கி அவன் கரும்பைப் பாதி தின்றுவிட்டதாம். சிரித்துக்கொண்டே சொல்கிறான். எனக்கு ஈர வெல்லத்துக்கே தூக்கம் போகிறது.

ஜீப்பை அவன் மதிக்கவில்லை. மாட்டுவண்டிப் பந்தயம்தான் பந்தயமாம். "இதுல என்ன இருக்கு? வாலத் திருகவா முடியும்?" ஆனாலும் மச்சான் ஓட்டுகிறார் என்று சொன்னதும் துள்ளிவிட்டான். "அப்பிடிச் சொல்லு. நம்ம வண்டியா?" அக்காவிடம் உளறாதே என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினேன்.

சீனி தபாலாபீஸில் லீவு போட்டுவிட்டு வந்தான். லாரியில் பின்னால் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் சீனி ஒரு விபத்துச் சொன்னான். இங்கே ஒரு லாரி, அங்கே ஒரு கழுதை, அதற்கு மேலே ஒரு கல்யாணக் கோஷ்டி. தபாலாபீஸ்காரனுக்கு எல்லாச் செய்தியும் முதலில் வந்துவிடும் போல. வாயை மூடுடா என்றேன். "ஒனக்கு வெவரம் தெரியணும்ல" என்கிறான். எனக்கு விவரம் தெரிய வேண்டாம்.

மச்சான் கீழே முந்தலிலேயே தங்கிவிட்டார். வண்டி அங்கேதான் நிற்கிறது. கூடவே இரு என்றாள் அக்கா. இப்போது நடுவில் பாதி மலை.

டீக்கடைச் சேட்டன் பக்கத்து வளைவைக் காட்டினார். அங்கே நின்றால் கீழ் ரோடு, மேல் ரோடு இரண்டும் தெரியுமாம். "இவ்விட எல்லாரும் திரியும். திரியாத்தவன் தாழெ போகும்." எல்லாரும் இங்கே திரும்புவார்கள், திரும்பாதவன் கீழே போவான் என்று அர்த்தம். சொல்லிவிட்டு டீயை ஆற்றுகிறார். பெருமாள் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு டீ கசந்தது.

படுக்கை ஏலக்காய் ஸ்டோரில். காய் உலர்த்தும் சூடு, நல்ல கதகதப்பு. வாசனை தலைக்கு ஏறுகிறது. ஜெபமாலை நடுவிலே விட்டுப் போச்சு, திரும்ப முதலிலிருந்து.

டிசம்பர் 16, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலைக்குள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும்.

காலையில் மூடுபனி. அப்புறம் வெயில். வளைவுக்கு மேலே மேட்டில் நின்றோம். எஸ்டேட் ஆட்கள், பெண்கள், பிள்ளைகள், நல்ல கூட்டம். முறுக்கு விற்றார்கள். சீனி வாங்கினான், நான் தொடவில்லை.

முதல் ஜீப்பு போனது. ஒரே புழுதி, ஒரு பின்சக்கரம் ஓரக்கல்லை உரசிக்கொண்டு போனது. எல்லாரும் ஆ என்றார்கள். இரண்டாவது கொஞ்சம் நிதானம். மூன்றாவது மச்சான் என்று தெரியும். அவருக்குப் பின்னால் வெள்ளைக்காரத் துரை ஒருவர், பக்கத்து எஸ்டேட் மானேஜர்.

கீழே மச்சான் ஜீப்பின் சத்தம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், மூடிக்கொண்டேன். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தேன். சத்தம் கிட்டே வந்தது. கிட்டே வந்து, நின்றுபோனது.

விழுந்துவிட்டார் என்றே நினைத்தேன். அக்கா முகம்தான் முதலில் வந்தது.

கண்ணைத் திறந்தால் ஜீப்பு வளைவுக்குள்ளே நட்டநடு ரோட்டில் நிற்கிறது. மச்சான் எழுந்து நின்று மேலே பார்க்கிறார். "என்னடா கெடக்கு? கல்லா, யானையா?" என்று கத்துகிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பினால் பெருமாள் பாறைமேல் ஏறி நின்று, அந்தச் சிவப்புத் துண்டைத் தலைக்குமேல் சுற்று சுற்றென்று சுற்றுகிறான்.

மலை ரோட்டில் வளைவில் நின்று யாராவது துண்டைச் சுற்றினால் மேலே பாறை விழுந்திருக்கிறது, இல்லை யானை நிற்கிறது. எந்த டிரைவரும் நின்றுவிடுவான். ஏன் எதற்கு என்று நின்ற பிறகுதான் கேட்பான். போடியில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். பெருமாள் ஊரிலோ தன் மாடு முன்னுக்கு வரும்போது உசுப்பிவிடத் துண்டைச் சுற்றுவார்கள். இத்தனைக்கும் முந்தின இரண்டு ஜீப்புக்கும் அவன் சுற்றவில்லை. நம்ம வண்டிக்காகக் காத்திருந்து சுற்றியிருக்கிறான்.

"போ மச்சான், போ, போ" என்று அவன் கத்துகிறான். அது மச்சானுக்கு எங்கே கேட்கும். மச்சான் நிற்க நிற்க இவன் இன்னும் வேகமாகச் சுற்றுகிறான். இவன் சுற்றச் சுற்ற அவர் அசையவில்லை. நான் பாய்ந்து துண்டைப் பிடுங்கினேன்.

அதற்குள் கீழே துரையின் ஜீப்பு உறுமுகிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி நிற்பது அவருக்கு எப்படித் தெரியும்.

குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினேன். நான் ஓடினேன் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. செருப்பு எங்கே போனதோ. வளைவுக்குக் கீழே ரோட்டோரம் போய் நின்று கையிலிருந்த துண்டைச் சுற்றினேன். துரை என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். சிரித்தார். ஒரு கையைத் தூக்கி ஆட்டிவிட்டு இன்னும் வேகமாக என்னைத் தாண்டிப் போனார். அவருக்கும் மாட்டுவண்டிக் கணக்குத்தான்.

கடவுளே, அந்த நேரம். கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை.

மச்சானுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. சட்டென்று உட்கார்ந்து வண்டியை உருட்டி உள்பக்க ஓடையில் இறக்கிப் பாறையில் முட்டவிட்டார். துரையின் ஜீப்பு உரசிக்கொண்டு போனது. பின் விளக்கு நொறுங்கியது. துரை நிற்கவே இல்லை. அவர்தான் கோப்பை வாங்கினாராம், சீனி சொன்னான்.

நான் போய்ச் சேரும்போது மச்சான் ஓடைக்கல்மேல் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ரத்தம். பீடி பற்றவைக்கப் பார்த்தார், குச்சி நிற்கவில்லை. வாங்கி நான் பற்றவைத்தேன், எனக்கும் மூன்று குச்சி வீணாகப் போனது. ஒரு பீடிக்கு இரண்டு பேர் பட்ட பாடு.

பெருமாள் மூச்சிரைக்க வந்தான். சீனிதான் விவரம் சொன்னான்.

"மாட்டுக்குச் சுத்துற மாதிரியா சுத்துன?" என்றார் மச்சான். அப்புறம் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்தவர் ஓடைப்பக்கம் குனிந்து வாந்தி எடுத்தார்.

அக்காவுக்கு என்ன சொல்வது என்று லாரியில் வழியெல்லாம் யோசனை. ஜீப்புக் கதவு இடித்தது என்று முடிவு. ஜீப்புக்கு ஏதுடா கதவு என்றான் சீனி. கடைசியில் டீக்கடை வாசல்நிலை இடித்தது என்று மச்சானோடு சேர்ந்து நால்வரும் ஒத்துக்கொண்டோம். வாசலில் அக்கா மச்சான் நெற்றிக் கட்டைப் பார்த்து "என்னது" என்று கேட்டதுதான் தாமதம், பெருமாள் "தாயீ, நாந்தேன் துண்டச் சுத்திப்புட்டேன்" என்று ஒப்பாரியே வைத்துவிட்டான். சத்தியம் செய்த கை.

அக்கா சத்தம் போடவில்லை. "துண்டச் சுத்துனா நிக்கத்தான செய்வாரு" என்றாள். உள்ளே போய் வெந்நீர் போட்டாள். என்னை மட்டும் பார்க்கவே இல்லை. திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 17, திங்கள்

காய்ச்சல். உடம்பெல்லாம் வலி, உள்ளங்காலில் முள். கடை திறக்கவில்லை. வெல்லக்காரன் வந்து திரும்பியிருப்பான்.

மச்சான் விடியும்போதே கிளம்பினார், நெற்றிக் கட்டோடு. லோடு இருக்கிறதாம்.

"அந்த ரோட்டுக்கேவா?"

"வேற ரோடு எங்க மாப்ளே இருக்கு?"

பெருமாள் முதல் பஸ்சுக்கே போய்விட்டான். துண்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். வேண்டுமென்றேதான்.

பகலெல்லாம் தூக்கம். கனவில் வளைவு. சாயங்காலம் எழுந்தால் மேற்கே மலை முழுக்க மேகம். பிறகு மழை. அக்கா கஞ்சி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்றைக்கப்புறம் இப்போதுதான் பேசினாள்.

"நீ ஒரு நாளு பாத்துட்டு வந்து காய்ச்சல்ல கெடக்க. அவரு தெனமும் போறாரு."

கோபமாகச் சொல்லவில்லை. காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

கஞ்சி போதவில்லை. சோறு ஆயிற்றா என்று கேட்டேன்.

"வண்டிச் சத்தம் வரட்டும்."

"வண்டிக்கும் சோத்துக்கும் என்ன?"

"கல்யாணமான புதுசுல ஒரு நாளு வெள்ளனமே ஆக்கி வச்சேன். அன்னைக்கிப் பாற விழுந்து ரோடு அடச்சுருச்சு. எனக்கு யாரு வந்து சொல்றா? ராவெல்லாம் அந்தச் சோத்துச் சட்டியப் பாத்துக்கிட்டே ஒக்காந்துருந்தேன். காலையிலதான் வந்தாரு. அதுலருந்து சத்தம் கேக்காம ஒல வைக்கிறதில்ல."

இந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்ததே இல்லை, கடையில்தான் இருப்பேன். கடையடைத்துப் பசியோடு வந்து, இன்னுமா வேகவில்லை என்று எத்தனை நாள் முணுமுணுத்திருக்கிறேன். ஒரு நாளும் அவள் காரணம் சொன்னதில்லை.

மழை வலுக்கிறது. விளக்கேற்றிவிட்டாள். அரிசி களைந்து வைத்தாயிற்று, விறகும் அடுப்பில் இருக்கிறது. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் தலையைத் தூக்குகிறாள்.

உலை இன்னும் வைக்கவில்லை.