வெயில் காலத்துப் படங்கு

மேட்டு லயம்,
நல்லதண்ணி.
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கச்சி சுலக்ஷனாவுக்கு,

அக்கா கிருஷாந்தி எழுதுவது. எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரியே பொய்யாகிவிடும் போலிருந்தது, விட்டுவிட்டேன். நீ கொழும்பில் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். அதைத்தான் தினமும் சாமியிடம் கேட்கிறேன்.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போன் எடுத்தால் நீ இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். நான் சொல்ல வேண்டியது இரண்டு வார்த்தையில் அடங்காது. அதோடு உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் போய்விடும். இந்தத் தடவை அது போகக் கூடாது.

முதலில் வீட்டுச் செய்தி. வைகாசி பிறந்ததிலிருந்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. பின்பக்கத் தகரத்தில் ஒழுகிய இடத்தில் உன் மச்சான் தார் பூசினார். இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது. அவர் வழக்கம்போல் கினிகத்தேனைக் கடைக்கு வேலைக்குப் போய்வருகிறார். கோயில் திருவிழாவை மழைக்காகத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அம்மாவைப் பற்றி நீ கேட்டபோதெல்லாம் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருக்காங்க என்றுதான் சொன்னேன். அது உண்மையில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் விடாமல் அடித்தது. தோட்டத்து மருந்து எடுபடவில்லை, லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். நிமோனியா என்கிறார் டொக்டர். பதறாதே. பேசுகிறார், கஞ்சி குடிக்கிறார். உனக்குப் போனில் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

எதனால் வந்தது என்று டொக்டரைக் கேட்காதே, என்னைக் கேள். இடுப்பில் கட்ட நீ தைத்துக் கொடுத்த படங்கினால் வந்தது.

எழுதிவிட்டேன். இனி மிச்சத்தையும் எழுதுகிறேன், கிழித்துப் போடாமல் படி.

மாசி மாதம் நீ கம்பனி ஆட்களோடு வேனில் வந்து இறங்கிய நாளை இந்த லயத்து வீடுகளில் யாரும் மறக்கவில்லை. நம் வீட்டிலிருந்து படித்துப் போன பெண், நமக்கென்று ஒரு படங்கு தைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று ஆளாளுக்குச் சந்தோஷம். அதுவரைக்கும் மழைக்கும் அட்டைக் கடிக்கும் நாங்கள் இடுப்பில் கட்டியது உரச்சாக்கும் பொலித்தீனும் சேர்த்துத் தைத்ததுதானே. நீ கொண்டுவந்தது பார்க்கவே அழகாக இருந்தது. கடற்கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக் போத்தல்களை நூலாக்கி, மருந்தடிக்காத பருத்தியோடு சேர்த்து நெய்தது, மேலே தேன்மெழுகு பூசியிருக்கிறது, மண்ணுக்கும் தண்ணீருக்கும் கெடுதி இல்லை என்று விளக்கம் சொன்னாய். ஒரு கோப்பைத் தண்ணீரை அதன் மேல் ஊற்றிக் காட்டினாய். முத்து முத்தாக உருண்டு ஓடியது. எல்லோரும் கைதட்டினோம்.

பழைய படங்குகளை வாங்கிக்கொண்டு போனீர்கள். தேயிலைக் கறை ஏறிய அந்தச் சாக்குகளில் பை தைத்து வெளிநாட்டில் விற்கப்போவதாகச் சொன்னாய். பிறகு போனில் பையின் படம் அனுப்பினாய். அம்மா அதை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மூலையில் இருந்த மஞ்சள் ஒட்டு, உன் இஸ்கூல் மழைக்கோட்டின் துண்டு. கோட்டு உனக்குச் சின்னதானதும் அம்மா அதை வெட்டித் தன் படங்கின் கிழிசலுக்கு வைத்துத் தைத்திருந்தார். “எம் படங்கு பிளேன் ஏறிப் போயிருச்சு, நான் இன்னும் நானுஓயா ஸ்டேஷனக் கூடத் தாண்டல” என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

வெயில் இருந்த வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மழை தொடங்கியது. தேயிலை வாதுகள் காலையிலிருந்து மாலை வரைக்கும் இடுப்பில்தானே உரசும்? அந்த உரசலில் மெழுகு எல்லாம் போய்விட்டது. இப்போது துணி தண்ணீரைக் குடித்துக்கொண்டு கல்லாகக் கனக்கிறது. போத்தலாக இருந்தபோது தண்ணீரை உள்ளே வைத்திருந்தது, துணியான பிறகும் பழைய வேலையை விடவில்லை என்று நான் கேலி செய்தேன். அம்மா என்னோடு அன்றைக்குப் பேசவில்லை.

கம்பனியிலிருந்து கேமராவோடு வந்தார்களே, அவர்களிடம் எல்லோரும் ஒரே குரலில் நல்லா இருக்கு என்று சொன்னதைப் பார்த்திருப்பாய். நான் வாயைத் திறக்கப் போனேன். பக்கத்து வீட்டு வீரம்மா அத்தை என் காலை மிதித்தார். பிறகு கேட்டதற்கு, “நம்ம புள்ள தச்சதுடி. நம்ம வாயாலயே குத்தம் சொல்லி அவ சோத்துல மண்ணள்ளிப் போடுறதா?” என்றார். சொல்லிவிட்டு அவர் என்ன செய்தார் தெரியுமா? உள்ளே ஒரு பொலித்தீனைக் கட்டி, மேலே உன்னுடையதைக் கட்டினார். இப்போது மலையில் எல்லோரும் அப்படித்தான். வெளியே நீ, உள்ளே பழையபடி பொலித்தீன்.

அம்மா மட்டும் கட்டவில்லை. நான் வெட்டிக் கொடுத்த பொலித்தீனைத் தூக்கி அடுப்படியில் எறிந்தார். “எம் மக தச்சதுக்கு உள்ளுக்கு இன்னொன்ன கட்டுனா, அவள நான் நம்பலைன்னுதான அர்த்தம்?” என்றார். ஈரப் பாவாடையோடு நாள் முழுக்க நின்றார். வீட்டுக்கு வந்தால் பல் கிட்டிப்போய் நடுங்கும். தேத்தண்ணியைக் கூடப் பிடிக்க முடியாது. மறுநாளும் அதையே கட்டினார். நானும் எவ்வளவுதான் கத்துவது?

செவ்வாய்க்கிழமை

இந்தக் கடிதத்தை அன்றைக்கே போட்டிருப்பேன். அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து முடிப்போம் என்று வைத்திருந்தேன்.

காய்ச்சல் குறைந்திருக்கிறது, மூச்சு இன்னும் இழுக்கிறது. தலையணைக்குக் கீழே உன் படங்கை மடித்து வைத்திருக்கிறார். சிங்கள நர்ஸ் மிஸ்ஸுக்கு அதை எடுத்துக் காட்டி, என் மகள் தைத்தது என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பெருமை அடித்திருக்கிறார். நான் தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரம் காயவில்லை.

அடுத்த மாதம் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், அம்மாவை முன்னால் நிறுத்திப் படம் எடுப்போம், அது சரியாக வந்தால் சுற்றியிருக்கிற தோட்டங்களுக்கெல்லாம் இந்தப் படங்குதான் என்று நீ முன்பே அம்மாவிடம் போனில் சொன்னாயாம். அம்மா டொக்டரைப் பார்க்கும்போதெல்லாம் எப்போது விடுவீர்கள் என்று அதற்காகத்தான் நச்சரிக்கிறார். “நான் போய் நிக்காட்டி புள்ளைக்கு வேல போயிருமுடி” என்கிறார். இந்த நெஞ்சோடு அவர் மழையில் போய் நின்றால் என்ன ஆகும் என்று என்னால் எழுத முடியவில்லை. நீயே நினைத்துக்கொள்.

உன் எண்ணத்தில் தப்பில்லை. கிழிந்த பொலித்தீன் ஓடையை அடைத்துக்கொண்டு கிடப்பதை நானும்தான் பார்க்கிறேன். உன் வேலை போய்விடுமோ என்று எனக்கும் பயம்தான். இந்த லயத்தோடு நின்றால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று கட்டிக்கொண்டு உனக்காகச் சமாளித்துவிடுவோம். மற்றத் தோட்டத்துப் பெண்களுக்கு நீ யார்? அவர்கள் எதற்காக நனைய வேண்டும்?

இந்த லயத்தில் பிறந்தவளுக்கு மலை வேலை எப்படித் தெரியாமல் போனது என்று உன்மேல் ஆத்திரப்பட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் யோசித்தேன். உனக்கு எப்படித் தெரியும்? சின்ன வயதில் நீ ஒருநாள் எங்களுக்குச் சோறு எடுத்துக்கொண்டு மலைக்கு வந்தாய். அம்மா உன்னைப் பாதையிலேயே நிறுத்தி, “நீ இங்கிட்டு கால் வைக்கவே கூடாது” என்று சத்தம் போட்டுத் திருப்பி அனுப்பினார். மழைக்கோட்டும் உனக்குத்தான் வாங்கினார். அப்பா செத்த வருசம் எனக்குப் படங்கு கட்டிவிட்ட அதே கைதான் உனக்குக் கோட்டுப் பொத்தான் போட்டுவிட்டது. எனக்கு அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். உன்னைப் படிக்க வைத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று சொல்லிச் சொல்லித்தான் ஆறிக்கொண்டேன்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் வருவதற்கு முன்னால் நீ வா. வேன் வேண்டாம், கேமரா வேண்டாம், பஸ்ஸில் தனியாக வா. முதலில் அம்மாவைப் பார். அவர் உன்னிடமும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார், நம்பாதே. தலையணைக்குக் கீழே இருக்கிறதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. காலையில் அதை உன் இடுப்பில் நான் கட்டிவிடுகிறேன். உள்ளே பொலித்தீன் இல்லாமல், வீரம்மா அத்தைக்குப் பக்கத்தில், என் நிரையில் நில். சாயந்தரம் உன் கம்பனிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று உனக்கே தெரிந்துவிடும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், சுடுதண்ணி வைத்துத் தருவேன்.

உன்னை மலைக்குக் கூட்டிப்போனேன் என்று தெரிந்தால் அம்மா என்னைக் கொன்றுபோடுவார். பரவாயில்லை, எழுந்து வந்து கொல்லட்டும்.

சாமி உன்னை எப்போதும் உயரத்தில் வைக்கட்டும். நாங்கள் உன்னை நனையாமல் வளர்த்துவிட்டோம். ஒரே ஒருநாள் என்னோடு நனைந்துவிட்டுப் போடி.

உன்மேல் கோபமும் அதைவிடக் கூடப் பாசமும் உள்ள,
அக்கா கிருஷாந்தி