பக்கத்து சீட்டில் மணல் மூட்டை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, இங்கே நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

நீ வந்தால் ஏற்றிக்கொள்ள நான் கட்டுகிற காருக்கு, முன்சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் இரண்டையும் நானே வெல்டிங் செய்தேன். மாட்டப் போனால், இரண்டுமே இடது பக்கத்துக்குத்தான் பொருந்துகின்றன! "ரெண்டு காலுக்கும் இடது செருப்பே தச்சிருக்கியேப்பா!" என்று பட்டறை மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். ஷிஃப்ட் முடிந்து வந்த அலுப்போடு ஒன்றை அறுத்து மறுபடி செய்தேன். விரலில் லேசாகச் சுட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

இனி ஸ்பிரிங். ஆள் உட்கார்ந்தால் கார் எவ்வளவு அமுங்கும் என்று பார்க்க, உன் இடத்தில் மணல் மூட்டையை வைத்திருக்கிறேன். நான் ஊரிலிருந்து கிளம்பியபோது இருந்த உன் எடைதான் எனக்குத் தெரியும். இப்போதைய எடையை எழுது, குறைத்துச் சொல்லாதே.

ஷிஃப்ட் மணி அடிக்கிறது. நேற்று அந்த மூட்டையைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவசரத்தில்,
உன் வீட்டுக்காரன்