இடது பக்கத்துச் சத்தம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அங்கே உன் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் எழுதவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு, வாயைத் திறக்காதே என்று கண்ணைக் காட்டுகிறார்.

அவருடைய வலது கட்டைவிரல் உடைந்துவிட்டது. கதவில் நசுங்கியது, லேசான வீக்கம் என்று உன்னிடம் சொன்னாரே, அது பச்சைப் பொய். உன் காரின் ஸ்பிரிங் எகிறி அடித்தது. கத்தரிக்கோலைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு டெய்லருக்குக் கட்டைவிரல் போனால் என்ன மிச்சம், நீயே சொல். வெட்டாத துணி கடையில் குவிந்து கிடக்கிறது. நான் மிஷினில் தைப்பேனே தவிர எனக்கு வெட்டத் தெரியாது. துணிந்து ஒரு பேன்ட்டை வெட்டினேன், ஒரு கால் குட்டையாகிவிட்டது. அவர் பார்த்துவிட்டு அதை மடித்து ஓரமாக வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்றுவிட்டுப் போ என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன், கேட்டாயா? ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போனாய், போன இடத்திலிருந்து புது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் என்று பார்சல் பார்சலாக அனுப்பினாய். மனிதர் வாழ்நாளில் சைக்கிளுக்குப் பஞ்சர்கூட ஒட்டியதில்லை. அவரைக் காருக்கு அடியில் படுக்க வைத்து, "அந்த நட்டு இல்லப்பா, அதுக்கு மேல இருக்கிறது" என்று போனில் அதிகாரம் செய்தாய். அவருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முதல் தடவை ஒரு குறையும் இல்லை. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற இரும்புக் கிளாம்பை முனைக்கடை மெக்கானிக்கிடம் இரவல் வாங்கினார், முன்பக்கம் இரண்டிலும் புதுசை மாட்டினார், கிளாம்பைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது தடவை கழற்றியபோதுதான் வந்தது வினை. நல்லதை ஏன் கழற்றுகிறீர்கள் என்று மெக்கானிக் கேட்பாரே என்று வெட்கம். பை தைக்கிற தடித்த நாடாவை மடித்து மடித்துத் தைத்து, வண்டி பாரத்தில் அமுங்கியிருந்த ஸ்பிரிங்கை அந்த நாடாவால் சுற்றிக் கட்டிவிட்டார். அதைப் போனில் பார்த்துவிட்டு நீ என்ன சொன்னாய்? "செம மூளைப்பா உங்களுக்கு" என்று சிரித்தாய், ஆபீஸ் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாய். படித்தவள்தானே நீ. மேல் நட்டைக் கழற்றினதும் நாடா அறுந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்திருந்தால் முகமே போயிருக்கும். அப்போதும் அவர் என்னிடம் சொன்னது, "தையல் விடல பாத்தியா, நாடாதான் அறுந்துச்சு" என்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பிரிங்கைத் தூக்கித் தெருவில் எறிந்தேன்.

எதற்கு இரண்டாவது தடவை கழற்றினார் தெரியுமா? இடது பக்கம் சத்தம் வருகிறது என்று உன்னிடம் சொன்னாரே, எந்தச் சத்தமும் வரவில்லை. மாட்டி முடித்த அன்றைக்கு என்னை ஏற்றிக்கொண்டு தெருவைச் சுற்றினார். வேகத்தடையில் ஏறினோம், பள்ளத்தில் இறங்கினோம், ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. சாயங்காலம் நீ கூப்பிட்டு, "முடிஞ்சுதாப்பா? இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றாய். அவர் முகம் செத்துவிட்டது. உடனே இடது பக்கம் சத்தம் என்றார். நீயும் "அப்ப கழட்டிப் பாத்துடலாம், நாளைக்குக் கூப்பிடறேன்" என்றாய். அதற்குத்தான் கழற்றினார். இந்தக் கார் வேலைக்கு முன்னால் அவரிடம் என்ன பேசுவாய், யோசித்துப் பார். சாப்பிட்டீங்களா, அம்மாகிட்ட குடுங்க, அவ்வளவுதான். உன் மேல் இருப்பதைவிட எனக்கு அவர் மேல்தான் கோபம் அதிகம். மகளோடு பேச ஆசையாக இருக்கிறது என்று சொல்ல ஒரு மனிதருக்கு வாயா இல்லை?

கோபத்தில் எழுதினாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான், நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு. இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிடு, காரைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காதே. வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் இரண்டு பேரும் சும்மா இருப்பீர்கள். பரவாயில்லை, அவர் வைக்கிற வரைக்கும் நீ போனை வைக்காதே.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உன் அம்மா