காலி என்று நான் சொன்ன பிளாப்பி

நேற்று நம் கம்பெனியின் கம்ப்யூட்டர் ரூமை ஒழித்தோம். இரண்டாயிரம் பிறந்தால் பழைய மெஷின்களுக்குத் தேதி தடுமாறுமாம், எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். சரஸ்வதி படத்தைச் சுவரிலிருந்து நான்தான் கழற்றினேன். படத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஒரு பிளாப்பி என் காலடியில் விழுந்தது. லேபிளில் காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் குங்குமம், ஓரத்தில் என் கையெழுத்தில் ‘மெஷின் 3’. நீ இருந்திருந்தால், “ஏ ஊத்தங்கர, உன் பூஜ சாமான் இன்னும் உசுரோட இருக்குது பாரு” என்று சிரித்திருப்பாய். எனக்கு நீ வைத்த பெயர் அது. என் ஊர்ப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட இந்த ஓசூரில் வேறு யாரும் இல்லை.

புது மெஷின்களை மாட்ட வந்திருந்த இன்ஜினியர், உள்ளே என்னதான் இருக்கிறது பார்க்கலாம் என்று அதை வாங்கிச் செருகினார். மெஷின் கீச்சென்று கத்தியது. திரையில் சிவப்புக் கட்டம்.

“இதுல வைரஸ் இருக்குது மேடம். பூட் செக்டர்ல உக்காந்திருக்குது.”

நான் சிரித்தேன். “அது காலிப் பிளாப்பிங்க. நானே பாத்து வெச்சது.”

“காலியா இருந்தா என்ன மேடம்? மெஷின ஆன் பண்றப்போ உள்ள பிளாப்பி இருந்துச்சுன்னா, மொதல்ல அதோட மொதப் பக்கத்த, அந்த பூட் செக்டரத்தான் படிக்கும். அதுல என்ன எழுதியிருக்குதோ அத அப்படியே செய்யும். நீ யாரு, எங்கேருந்து வர்றேன்னு கேக்கவே கேக்காது. அந்தப் பக்கம் பைல் லிஸ்ட்ல வராது. பைல எல்லாம் அழிச்சாலும் அது அப்படியேதான் இருக்கும்.”

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். “ஆனா அன்னிக்கு, இந்தப் பிளாப்பியில ஸ்டார்ட் ஆகாதுன்னு ஸ்க்ரீன்ல எழுத்து வந்துச்சே. ஒண்ணும் ஓடலியே” என்றேன்.

“அந்த எழுத்து வர்றதுக்குள்ள அது உள்ள போயிருக்கும் மேடம். குறிச்ச தேதி வர்ற வரைக்கும் சும்மா படுத்திருக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு நிமிஷ வேலை. நான் பிளாப்பியை வெளியே எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த ஆயுத பூஜை உனக்கு நினைவிருக்கும். ஷாப் ப்ளோரில் லேத்துக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பொட்டு வைத்திருந்தார்கள். நம் ரூமில் மட்டும் ஐந்து மெஷின்கள் மொட்டையாக நின்றன. “மெஷின் மேல சந்தனம் கிந்தனம் பூசாதீங்க, கெட்டுப் போயிடும்” என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. நான் படித்த கம்ப்யூட்டர் கிளாஸில் கெஞ்சிக் கூத்தாடி ஐந்து பழைய பிளாப்பிகள் வாங்கினேன். அங்கேயே உட்கார்ந்து எல்லாப் பைலையும் அழித்தேன். லிஸ்ட் எடுத்துப் பார்த்தேன், பைல் எதுவும் இல்லை என்று வந்தது. ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தேன். மறுநாள் லேபிளில் சந்தனம் வைத்து மெஷினுக்கு ஒன்றாகச் செருகினேன். நீதான் குங்குமத் தட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாய். “உங்க சாமிக்கு நல்லா எடங் கண்டுபுடிச்சடி” என்றாய்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக் கூடாது. தொடவில்லை. காலையில் கற்பூரம் காட்டி, நம் ரூமில் இருந்த ஐந்து பேரும் ஐந்து மெஷின்களை ஒன்றாக ஆன் செய்தோம். ஐந்து திரையிலும் ஒரே எழுத்து, இது ஸ்டார்ட் செய்யும் டிஸ்க் இல்லை, எடுத்துவிட்டு ஏதாவது ஒரு கீயை அழுத்து என்று. “சாமி பிளாப்பி வேலைக்கு ஆவாதாம், எடு எடு” என்றாய். எடுத்தோம், அழுத்தினோம், எல்லாம் ஒழுங்காக ஓடியது. பொரி தின்றோம். நாலு பிளாப்பிகளை யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் நான் அன்றைக்கே படத்துக்குப் பின்னால் செருகிவைத்தேன்.

கேட்டில் தினமும் நம்மை எப்படிச் சோதிப்பார்கள். உன் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டச் சொன்னால், “பாத்துக்கோண்ணா, என் புளிசோத்துல போல்ட்டு நட்டு எல்லாம் கெடக்குது” என்பாய். அதே கேட் வழியாகத்தான் அந்த ஐந்தையும் கைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உனக்கு அப்போது டெம்பரரியாக ரெண்டு வருஷம் முடிய இருந்தது. சித்திரையில் பர்மனென்ட் ஆர்டர் வரும் என்று சொல்லியிருந்தார்கள். உன் அப்பா வாணியம்பாடியில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். ஆர்டர் வந்தால் நீ வேலையில் இருக்கலாம், வராவிட்டால் நிக்காஹ் என்று பேச்சு. கம்பெனி பஸ்ஸில் கிருஷ்ணகிரி போய்ச் சேரும்வரை உனக்கு அந்த ஒரே பேச்சுதான். “ஆர்டர் மட்டும் கைக்கு வரட்டும் புள்ள, அப்பறம் அத்தா வாயே தொறக்காது” என்பாய்.

மாசியில் ஒரு நாள் காலை ஐந்து மெஷினும் ஒன்றாகச் செத்தன. டிராயிங், லேத்துக்கான புரோகிராம், எதுவும் இல்லை, எல்லாம் துடைத்துவிட்டிருந்தது. ஷாப் ப்ளோரில் ரெண்டு ஷிப்ட் சும்மா நின்றது. பெங்களூரிலிருந்து வந்த சர்வீஸ்காரர் உதட்டைப் பிதுக்கி, “ஹொரகடெயிந்த யாரோ பிளாப்பி தந்திதாரெ” என்றார். வெளியிலிருந்து யாரோ பிளாப்பி கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நீ என் காதில் சொன்னாய். உனக்குத்தான் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. சொன்ன கையோடு உன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன்.

மேனேஜர் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார். நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். “பூஜைக்கு அஞ்சு கொண்டாந்தேன் சார். எல்லாம் காலி. என் கண்ணால பாத்தேன்.”

“காலிப் பிளாப்பியில என்னம்மா வரும்” என்று அவர் என்னைத் தாண்டிவிட்டார். அடுத்தது நீ. பொங்கல் கழித்து உன் அண்ணன் கடையிலிருந்து ஒரு பிளாப்பி கொண்டுவந்ததை மறைக்காமல் சொன்னாய், செங்கல் அடுக்கும் விளையாட்டு. சாப்பாட்டு நேரத்தில் நாம் எல்லாரும் ஆடினோம். மேனேஜரே ரெண்டு நாள் உட்கார்ந்து ஆடியிருக்கிறார். அதை வாங்கி, உன் கண்ணெதிரே ஒடித்துக் குப்பையில் போட்டார். அதில் என்ன இருந்தது என்று ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் பஸ் சூளகிரி தாண்டும்போது மெதுவாகக் கேட்டாய். “நீ வெச்ச பிளாப்பிய நல்லா பாத்தியா புள்ள?”

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், உனக்குத் தெரியாததா. “நான் பொய் சொல்றேன்னு சொல்றியா? உன் மேல விழுந்தத என் மேல தள்ளிவிடப் பாக்கறியா?” என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். “சரி, நீ பாத்திருந்தா சரிதான்” என்றாய். நான் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் உன்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிக்காஹ் பத்திரிகை வந்தது, போகவில்லை. என்னைச் சந்தேகப்பட்டவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று வீம்பு. போன வருஷம் மஞ்சள் காமாலையில் நீ போய்விட்டாய் என்று பஸ் டிரைவர் சொன்னபோதும் அந்த வீம்பு பாதி மிச்சம் இருந்தது.

நேற்றே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். நீ விளையாட்டைக் கொண்டுவந்தது பொங்கலுக்குப் பிறகு, இது பூஜைக்கு மறுநாளிலிருந்து படத்துக்குப் பின்னால் இருந்தது, அதனால் வைரஸ் என்னுடையதுதான், உன் வேலைப் பைலில் உன் மேல் எழுதியதை அடித்துவிட வேண்டும் என்றேன். “அந்தப் பொண்ணோட பைலே இப்போ இல்லம்மா. எதை அடிக்கறது? விடு” என்றார்.

விட முடியவில்லை. இன்று காலை லீவு போட்டுவிட்டுக் கிருஷ்ணகிரிக்கு, உன் அம்மாவிடம் போனேன். டீ கொடுத்தார்கள். பாயில் பிளாப்பியை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். செக்டரும் வைரஸும் அவர்களுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. ஒன்று மட்டும் கேட்டார்கள்.

“அப்போ எம் பொண்ணு கொண்டாந்ததுல இல்லியாம்மா?”

“இல்லீங்கம்மா. நான் வெச்சதுலதான்.”

அந்தச் சந்தனத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். “நான்கூட அப்பவே கேட்டேன்மா, அந்தப் பொண்ணு வெச்சதுல இருந்திருக்கலாமில்லன்னு. ‘இல்லம்மா, அவ கண்ணால பாத்தேன்னு சொன்னா, அவ பொய் பேசற ஆளு இல்ல, அப்போ என்னுதுலதான் வந்திருக்கணும்’னு சொல்லிச்சி. அத்தன பேரு வேலயக் கெடுத்துட்டேனேன்னு சொல்லிச் சொல்லி அழுவும். ஆஸ்பத்திரியிலகூட சொல்லிச்சிம்மா.”

நீ என்னைச் சந்தேகப்படுகிறாய் என்று நான் இத்தனை வருஷம் முறுக்கிக்கொண்டிருந்தேன். நீயோ என் ஒரு வார்த்தையை அப்படியே வாங்கிக்கொண்டு, உன் மேலேயே பழியை எழுதிக்கொண்டு போய்விட்டாய். அடி பாவி, ஒரு தடவையாவது என்னைத் திரும்பக் கேட்டிருக்கக் கூடாதா.

பிளாப்பியை உன் அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. என் கைப்பையில்தான் இருக்கிறது, இனிமேலும் அங்கேதான் இருக்கும். நீ பஸ்ஸில் கேட்டதற்கு நான் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இல்லை புள்ள, நான் நல்லா பாக்கல. எங்க பாக்கணும்னே எனக்குத் தெரியல. உன்னுதுல ஒண்ணுமே இல்ல.