வாழைத்தண்டும் மொக்கையன் காலும்

போன இடத்திலும் நாலு பேரைச் சுற்றி உட்காரவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் என் மச்சான் சுந்தரத்துக்கு,

நம் ஆஸ்பத்திரியின் ஆண்டு மலரில் உன்னைப் பற்றி எழுத வேண்டுமாம். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "உங்களைவிட அவரை அறிந்தவர் யார்?" என்றார். உண்மைதான். ஒரே பெஞ்சில் படித்தோம், ஒரே ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தோம், போதாததற்கு உன் தங்கை விசாலத்தையும் கட்டிக்கொண்டேன். ஆனால் உன்மேல் என் அளவுக்குப் பொறாமைப்பட்டவனும் எவனும் கிடையாது. அது பெரிய டாக்டருக்குத் தெரியாது. இந்த மலரைப் படிக்கும்போது தெரிந்துகொள்வார்.

முதலில் ஊர்ச் செய்தி. யுத்தம் இன்னும் ஓயவில்லை. குயினைன் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மைக்ராஸ்கோப் கண்ணாடியில் ஒன்று கீறல் விழுந்துவிட்டது. மாற்றுக் கண்ணாடி எந்தக் கப்பலில் மிதக்கிறதோ. மதுரைக்கு மெடிக்கல் காலேஜ் வரும், வரும் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாயே, அந்தப் பேச்சு இன்னமும் பேச்சாகத்தான் இருக்கிறது. அதுவரை, கம்பவுண்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நாம் நடத்திய சாயங்கால வகுப்புதான் இந்த ஊருக்குக் காலேஜ். இப்போது அதை நான் ஒருவனே நடத்துகிறேன்.

போன வாரம் நரம்புச் சிலந்திப் பாடம். காலில் கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல் மாதிரிப் புழு தலைகாட்டும். அதை ஒரு குச்சியில் நாளுக்கு ஒரு விரற்கடையாகச் சுற்றிச் சுற்றி எடுக்கவேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து உள்ளே போய்ச் சீழ் வைக்கும். இதை நான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். முன்வரிசையில் இருந்த நர்ஸ் ஞானம்மாள் எழுந்து, "சார், அந்த சார் வாழைத்தண்டு வச்சுச் சொல்லிக்குடுப்பாராமே?" என்று கேட்டாள். அவள் வேலைக்கு வந்ததே நீ போன பிறகு. அவளுக்குக்கூட நீதான் 'அந்த சார்'.

அந்த வாழைத்தண்டு யாருடையது, சொல்? என் வீட்டு அடுப்படியில் விசாலம் தண்டு நறுக்கும்போது, வில்லைக்கு வில்லை நாரை விரலில் சுற்றி எடுப்பாள். தினமும் அதைப் பார்த்தவன் நான். ஒரே ஒரு நாள் சாப்பிட வந்தவன் நீ. மறுநாள் ஒரு முழத் தண்டோடு வகுப்புக்குப் போய், தீக்குச்சியில் நார் சுற்றச் சொல்லி அத்தனை பேரையும் சொக்கவைத்துவிட்டாய். எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

எழுமலைப் பக்கத்து ஆராய்ச்சியும் அப்படித்தான். உசிலம்பட்டி வரை பஸ்ஸிலும் அதற்கப்புறம் வாடகைச் சைக்கிளிலுமாக நாம் இருவரும்தான் போனோம். படிக்கிணறுகளில் தண்ணீர் மொண்டு வந்து, புழுவின் குஞ்சைச் சுமக்கும் தண்ணீர்ப் பூச்சியை மைக்ராஸ்கோப்பில் கண்டவன் நான். ஊர்க்காரர்களிடம் அரைமணி நேரம் விளக்கினேன். ஆளுக்கொரு கொட்டாவி விட்டார்கள். நீ தோள் துண்டை நாலாக மடித்துக் குடத்து வாயில் கட்டி வடித்தாய், துணியில் நின்றதைப் பூதக்கண்ணாடியில் காட்டினாய். "ஆத்தாடி, இதையா இம்புட்டு நாளும் குடிச்சோம்!" என்று ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த மாதமே அந்த ஊரில், புழு வந்த கால் தண்ணீரில் படாதபடி படிகளை அடைத்து, சுவர் எழுப்பி, மேலிருந்து இறைக்க உருளை மாட்டிவிட்டார்கள். இன்றைக்கும் அது 'சுந்தரம் டாக்டர் கிணறு'. நான் போனால், "நீங்க அவருகூட வந்தவுகதானே?" என்கிறார்கள். எனக்கு எரியுமா, எரியாதா?

இனி, எழுதக் கை வராத விஷயத்துக்கு வருகிறேன். எழுமலையில் உழுது பிழைக்கும் சம்சாரி மொக்கையனை நினைவிருக்கிறதா? அவன் காலில் பாதிப் புழுவைச் சுற்றி எடுத்துவிட்டு, ஒத்தக்கடையில் ஏதோ கல்யாணம் என்று நீ ஒரு வாரம் லீவு போட்டாய். நான் கட்டை அவிழ்க்கப் போனபோது மொக்கையன் காலை இழுத்துக்கொண்டான். "அந்த டாக்டரய்யா வார வரைக்கும் தொடாதீக" என்றான். வார்டே கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், நீ திரும்புவதற்குள் இந்தப் புழுவை முழுசாக எடுத்துக் காட்டுகிறேன் பார் என்று குச்சியைப் பிடித்தேன். நாலு விரற்கடை ஒரே இழுப்பில் வந்தது. அப்புறம் அறுந்தது.

நீ வந்தபோது முழங்கால்வரை வீங்கியிருந்தது. பெரிய டாக்டர் கட்டிலருகே நின்று, என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. நீ என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "புழு உள்ளேயே செத்திருந்திருக்கு, சார். யார் எடுத்திருந்தாலும் அறுந்திருக்கும்" என்றாய். அன்று மட்டுமல்ல, அதன்பிறகும் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? இவனுக்கு இந்தப் பெருந்தன்மைகூட இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். மொக்கையனுக்கு முழங்கால் மடங்காமலே போயிற்று.

போன வருஷம் சித்திரைத் திருவிழா முடிந்து காலராக் கொட்டகையில் நீ விழுந்தாய். இரண்டே நாள். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது சந்தைப்பேட்டையிலிருந்து யார் யாரோ வந்து அழுதார்கள். அப்போதும், நான் செத்தால் இத்தனை பேர் வருவார்களா என்று எண்ணிப் பார்த்தேன், மச்சான். அழுதுகொண்டேதான் எண்ணினேன்.

இந்தப் பங்குனியில் மொக்கையன் வந்தான். கம்பை ஊன்றி, காலை வீசி வீசி நடந்து, மகள் பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு. அவள் கணுக்காலில் புழு. நீ போய்விட்டாய் என்று சொன்னதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் குந்தி, "மொக்கையா, அன்னைக்குப் புழு செத்திருக்கல. நான் இழுத்துத்தான் அறுந்துச்சு" என்றேன்.

"தெரியும்யா" என்றான். "இழுத்தது என் காலுலதானே. எனக்குத் தெரியாதா?"

"பிறகு ஏன் அன்னைக்கே சொல்லல?"

"அந்த ஐயா உங்களுக்காகப் பொய் சொன்னாரு. அம்புட்டு நல்ல மனுசன் ஒருத்தருக்காகப் பொய் சொல்றாருன்னா, அந்த ஆளு அதுக்குத் தகுந்தவராத்தான் இருப்பாருன்னு விட்டுட்டேன்." மகளின் காலைத் தூக்கி என் மடியில் வைத்தான். "இவளுக்கு மெதுவாச் சுத்துங்க."

மெதுவாகத்தான் சுற்றினேன். பதினெட்டு நாள். ஈரத்துணி போட்டு, வந்தமட்டும் சுற்றி, வராதபோது விட்டுவிட்டு. முழுப் புழுவும் வந்த அன்று விசாலத்திடம் சொன்னேன். "எங்கண்ணன் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு, "எங்கண்ணன் சந்தோசப்படும்" என்றாள். மொக்கையன் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. அவளும் இந்த மலரில்தான் படிக்கப்போகிறாள்.

நீ என்னைத் தகுந்தவன் என்று நினைத்துத்தான் அந்தப் பொய்யைச் சொன்னாயா, அல்லது தங்கை புருஷன் என்று சொன்னாயா? கேட்காமலே விட்டுவிட்டேனே.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி ஒவ்வொரு வருஷமும் நரம்புச் சிலந்திப் பாடத்துக்கு வாழைத்தண்டு கொண்டுபோவேன். அதை நறுக்கும் முன்னால் மொக்கையன் காலைப் பற்றிச் சொல்வேன். இழுத்துக் கெடுத்தவன் நான்தான் என்று என் வாயாலேயே சொல்வேன். பொறாமையை விட்டுவிடுவேன் என்று மட்டும் சொல்லமாட்டேன். உள்ளே இருப்பதை ஒரே நாளில் இழுத்தால் என்ன ஆகும் என்று நம் இருவருக்கும் தெரியும். நாளுக்கு ஒரு விரற்கடை எடுக்கிறேன், மச்சான்.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டியவன், நீ காப்பாற்றிய உன் மாப்ள