கியூபெக்கில் ஒரு கீழ்த்தள அறை

மகதலேனா,

கிள்ளான் ரயிலில் டியூட்டி, போகிறேன். இருமல் அடங்கி இப்போதுதான் கண்ணயர்ந்தாய், எழுப்பவில்லை. கஞ்சி அடுப்பில் இருக்கிறது. சாவி பக்கத்து கோட்டர்ஸ் வீட்டு மார்க்கிரட் அக்காவிடம். நான்கு மணிக்குச் சாமியார் கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைபூசுதல் கொடுக்க வந்தால் அக்கா கதவைத் திறப்பார்.

சாமியாரை நீ வரச்சொன்னதற்கு நேற்று நான் கத்தியது தப்பு. "போற உசுருக்கு ஓட்டல் எதுக்குங்க?" என்று நீ கேட்டது தாங்கவில்லை.

ஓட்டல் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. மறைத்துவிட்டேன். புனித அன்னம்மாள் படத்துக்குப் பின்னால் பார். ஜூலைத் திருநாளுக்கு, நீ படி ஏறாதபடி, கியூபெக்கில் கீழ்த்தளத்திலேயே அறை வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து நீ நேர்ந்துகொண்ட அன்னம்மாள் கோயிலுக்கு ரயில் உண்டு. நீ கேட்கச் சொன்ன கொசுவலை அந்த ஓட்டலில் கிடையாதாம். குளிருக்குக் கம்பளிதான் தருவார்களாம்.

இன்னொரு கடிதமும் அங்கேயே இருக்கிறது. சயரோகக்காரரைக் கப்பலில் ஏற்ற முடியாது என்று கப்பல் டாக்டர் எழுதிவிட்டார்.

ஓட்டலுக்கு, வரவில்லை என்று எழுதத்தான் நேற்று உட்கார்ந்தேன்.

கிரிகரி

பி.கு: மருந்தை மறக்காதே.

இன்னொன்று. ஓட்டலுக்கு நேற்றே பதில் போட்டுவிட்டேன். என் மனைவிக்குக் குளிர் ஆகாது, கம்பளி இரண்டாக வையுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.