பதினேழாம் குப்பி

செவ்வாய்க் கோள், வடக்குக் குடியிருப்பு
புயல் நாள் 9. காலை 6.10
சிவமயம். வில்வக் கன்று வளர்க்கும் குப்பிகள், இருப்பு 40. மண்ணுக்குப் பதில் உள்ளே குக்கரில் வேகவைத்து ஆறிய கடல்பாசிக் கூழ். தளிர்விட வைக்கும் மருந்து லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம். எல்லாவற்றிலும் துளிர் உண்டு, வேர் இல்லை. பூமியில் வில்வம் பட்டுப்போய் ஆறு வருடம். இனி இவைதான். தூசிப் புயலுக்குப் பயந்து எல்லோரும் மேலே சுற்றும் கப்பலுக்கு ஏறிவிட்டார்கள். ஏறும் குலுக்கலைக் குப்பிகள் தாங்காது, ஒருவர் தங்க வேண்டும் என்றார்கள். நான் பெயர் கொடுத்தேன். பூஜை முடித்து, வழக்கம்போல் குப்பிகளுக்கும் கற்பூரம் காட்டினேன்.

நாள் 16. காலை 6.25
இருப்பு 31. ஒன்பதில் இலை மஞ்சளித்து உதிர்ந்தது. பூஞ்சை இல்லை. மருந்து அளவை மூன்று முறை பார்த்தேன், சரிதான். இன்று முதல் இரண்டு வேளையும் கற்பூரம்.

நாள் 21. பகல் 2.40
இருப்பு 12. கப்பலிலிருந்து என் வீட்டுக்காரர், இரைச்சலுக்கு நடுவே:
"தையலு, நம்ம செடி டாக்டரம்மா கேக்குறாங்க, அங்க எதையாச்சும் கொளுத்துறியான்னு. புகையில எத்திலீன் இருக்காம். மூடுன அறையில அதுவே இலைய உதுத்துருமாம். உன்னயத் தெரியாதா எனக்கு. சாமி கோச்சுக்காது, நிறுத்துடி."
குறிப்பைப் புரட்டினேன். இருபத்தாறு ஆரத்தி. ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறேன்.

நாள் 34. காலை 6.00
இருப்பு 1. பதினேழாம் குப்பி. மற்றவை தேறவில்லை. ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே வேர் மருந்துக் கூழுக்கு மாற்றினேன். பூஜை மாடம் இருட்டாகக் கிடக்கிறது. கப்பலிலிருந்து மூன்று நாளாகச் சத்தமில்லை. நான் அனுப்புவது போகிறதா, தெரியவில்லை.

நாள் 41. காலை 5.50
வேர் விட்டிருக்கிறது. வெள்ளையாக, நூல் மாதிரி, இரண்டு. சொல்ல ஆளில்லை. குக்கரிடம் சொன்னேன்.

நாள் 47. மணி பார்க்கவில்லை
சூரியத் தகடுகளில் தூசி. மின்கலம் ஆறு விழுக்காடு. என் அறைச் சூடும் குப்பியைச் சூடாக வைக்கும் பெட்டியும் சேர்ந்தால் ஒரு நாள். பெட்டி மட்டும் என்றால் பதினொரு நாள். அவர் குரல் ஒருமுறை வந்தது.
"பத்து நாள்ல எறங்கிருவோம். கேக்குதா? தையலு?"
கேட்டது. என் அறைச் சூட்டை நிறுத்திவிட்டேன்.

அதே நாள்
இறங்கி வருபவருக்கு. செடியைக் குப்பியிலிருந்து உடனே அறைக் காற்றுக்கு எடுக்காதீர்கள். தினம் சிறிது நேரம் மூடியைத் திறந்து பழக்குங்கள். மூவிலை ஒன்று விரிந்திருக்கிறது. பறிக்க வேண்டாம், பூஜைக்குக்கூட. விரல் மடங்கவில்லை. இருப்பு 1.
அவரிடம் சொல்லுங்கள், எனக்காகவும் இந்த அறையில் எதையும் கொளுத்த